தலையாடியில் ஒரு பல் வலி

கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்ததற்கு ஆதாரம் கேட்டால் எதையாவது எடுத்துக் காட்டலாம். சேர்ந்து இல்லாததற்குக் காரணம் கேட்டால் எங்கே போய்த் தேடுவது? என்னிடம் அதைத்தான் கேட்டார்கள்.

கனடாவில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்சாக இருக்கிறேன். இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்த பிறகுதான் கல்யாணப் பேச்சுக்கே தலையாட்டினேன். பிறந்த வீடு அரியலூர், புகுந்த வீடு பெரம்பலூர். கணவருக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் லேப் வேலை. சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துச் சோதித்துப் பார்ப்பது. தை மாதம் கல்யாணம் முடிந்து, மாலை வாடுவதற்குள் நான் மட்டும் விமானம் ஏறினேன். முதல் விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியதும், அவரை இங்கே அழைத்துக்கொள்ள மனைவி என்கிற முறையில் விண்ணப்பம் போட்டேன். பெண்ணை மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெண் மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்றதும் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த குளிர்காலத்தில், ஒரு மதிய இடைவேளையில், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது அந்த மின்னஞ்சல் வந்திருந்தது. குடியேற்ற அதிகாரிக்கு எங்கள் கல்யாணத்தின் மேல் சந்தேகம். இரண்டு காரணம் எழுதியிருந்தார்.

முதலாவது, உங்கள் கணவர் இந்தியாவை விட்டு வெளியே போனதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு பேரும் பனிமலைக்கு முன்னால் நிற்கிறீர்களே, எப்படி? இரண்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு முதல் விடுப்பில் இந்தியா போயிருக்கிறீர்கள், அதில் பெரும்பாலான நாட்கள் கணவர் வீட்டில் தங்காமல் வேறு ஊரில் தங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏன்? இது உண்மையான திருமணம்தானா, குடியேறுவதற்காகச் செய்துகொண்டதா? ஒரு மாதத்துக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

தயிர்சாதம் இறங்கவில்லை. நிராகரித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவை சந்தேகப்பட்ட கோப்பு அடுத்த தடவையும் சந்தேகத்தோடுதான் திறக்கப்படும். இன்னும் எத்தனை வருஷம் போனில் குடும்பம் நடத்துவது? பயமாக இருந்தது, உண்மை. ஆனால் பயத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது. அதுவும் அந்த அதிகாரி மேல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

முதல் கோபம் கணவர் மேல். அன்று மீதி வேலையை இன்னொருவரிடம் மாற்றிவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வந்து அவரைக் கூப்பிட்டேன்.

"கல்யாண போட்டோ ஸ்கேன் பண்ணி அனுப்புங்கன்னு சொன்னேனே, எதைங்க அனுப்புனீங்க?"

"ஆல்பத்துல இருந்ததுதான். ஏன்?"

"பனிமலை முன்னாடி நிக்கிற போட்டோவையா?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "அது உங்க ஊர்ப் பனிதானே. ஆபீசரும் அந்த ஊர்க்காரர். பாத்தா சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன்."

எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தாலி கட்டியது பெரம்பலூர் மண்டபத்தில்தான், ஆனால் ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அன்னப்பறவை நீந்தும் ஏரிக்கரையில் நிற்பார்கள், அடுத்த பக்கத்தில் பெரிய மாளிகை வாசலில் நிற்பார்கள், அதற்கடுத்த பக்கத்தில் பனி கொட்டும். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒட்டித் தருவார். பட்டுச்சேலையில் பனியில் நின்றால் குளிராதா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. என் மாமியாருக்கு அந்தப் பனிமலைப் பக்கம்தான் ரொம்பப் பிடிக்கும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் விரித்துக் காட்டி, "எம் மருமவ இருக்கற ஊரு" என்பார். நான் இருக்கும் ஊர் தட்டையான கோதுமை வயல், மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது.

கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். "சரி, இது சின்ன விசயம், அசல் போட்டோவ வாங்கிக் குடுத்துடலாம். ரெண்டாவது?" என்றார்.

இரண்டாவதுதான் எமன். அதற்குப் பெயர் ஆடி.

முதியோர் இல்லத்தில் விடுப்பைப் பழைய ஆட்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. எனக்கு அந்த வருஷம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை கிடைத்தது. துள்ளிக் குதித்து அம்மாவிடம் தேதியைச் சொன்னேன். அம்மா நாள்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும். "ஆடியாச்சேடி" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடல் தாண்டி வருகிறவளுக்கு என்ன ஆடி, ஆவணி என்று நினைத்தேன்.

பெரம்பலூரில் மூன்று நாள்தான் இருந்திருப்பேன். ஆடி பிறப்பதற்கு முதல் நாள் அம்மா தட்டு, பழம், பூ, புதுத்துணியோடு வந்து இறங்கிவிட்டாள். கல்யாணம் ஆன பெண்ணுக்கு வரும் முதல் ஆடி, தலையாடி. பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய் மாதம் முடிகிற வரை வைத்துக்கொள்ள வேண்டும். புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்கக் கூடாது.

"அரை வருசம் பிரிஞ்சுதானே இருந்தோம். அந்தக் கணக்குல இந்த ஆடியக் கழிச்சுக்கயேன்" என்றேன்.

"சித்திரையில புள்ள பொறந்தா அப்பன் தெருவுலன்னு சும்மாவா சொன்னாங்க? பேசாம கெளம்பு" என்றாள் அம்மா.

மாமியார் எனக்காக வாதாடுவார் என்று திரும்பிப் பார்த்தேன். "மொறைன்னா மொறைதாம்மா. அவங்க வந்து கூப்புடலன்னாதான் நான் கோவிச்சுக்கணும்" என்று அவர் என் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு பெண்களும் ஒன்று சேர்ந்துவிட்டால் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது. ஆடி முதல் தேதி மாப்பிள்ளைக்கு அரியலூரில் விருந்து, வேட்டி சட்டை எல்லாம் நடந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவருக்கு மட்டும் பஸ். கை கழுவுகிற சாக்கில் என் பக்கம் வந்து, "ஆடிப்பட்டம் தேடி விதைங்கிறாங்க, நம்மள மட்டும் வெரட்டி வுடறாங்க" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு வாரம்தான் பொறுமை இருந்தது. அதற்குப் பிறகு பல் வலி வந்தது.

பெரம்பலூரில் நல்ல பல் டாக்டர் இருக்கிறார், கனடாவில் பல் பார்க்கச் சொத்தையே எழுதிக் கேட்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். காலையில் போனால் சாயங்காலம் வருவேன். பல் வேர் வரை போய்விட்டது, ஒரே தடவையில் முடியாது, பல தடவை வரச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னேன். அம்மா, "சூடா எதுவும் சாப்புடாத" என்று மட்டும் சொன்னாள்.

கணவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார். ஆனால் அது அவருடைய ஊர். பஜாரில் நடந்தால் பாதிப் பேர் மாமியாருக்கு உறவு. அதனால் வாலிகண்டபுரம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவோம். நான் பெண்கள் பக்கம் இலவச டிக்கெட்டில், அவர் பின்னால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. அங்கே பழைய சிவன் கோயிலில் கூட்டம் இருக்காது. சாமி கும்பிட்டுவிட்டு ஒரு மண்டபத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்து பேசுவோம். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. அவருக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பதும், ஆலை சங்குச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் கலையும் என்பதும், ஆங்கிலம் பேச அவருக்கு உள்ளுக்குள் பயம் என்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. என் வேலையில் இறப்புகள் அதிகம், சில நாள் வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன் என்பதை நானும் அங்கேதான் அவரிடம் சொன்னேன். கல்யாணம் நடந்தது மண்டபத்தில் என்றாலும் நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனது அந்தத் தூண் ஓரத்தில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டாம் தடவை போனபோது காவலாளி வந்து நின்றார்.

"என்னங்க இது, கோயிலுன்னு நெனச்சீங்களா, பார்க்குன்னு நெனச்சீங்களா? வூட்டுக்குத் தெரியுமா?"

"இவங்க என் ஒய்ஃப்ங்க" என்றார் கணவர்.

"வர்ற ஜோடியெல்லாம் இதத்தான் சொல்லுது."

நான் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். காவலாளி அசையவில்லை. "கல்யாணம் ஆனவங்க எதுக்கும்மா இங்க வந்து ஒளிஞ்சு ஒக்காறீங்க? வூட்டுல ஒக்காந்து பேசலாமே?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. எழுந்து வந்துவிட்டோம். அடுத்த தடவை அவருக்கு ஆடிக் கதையை முழுசாகச் சொன்ன பிறகுதான் சிரித்து, அந்தப் பக்கம் நிழல் நல்லா இருக்கும் என்று இடம் காட்டினார். குளிர்காலத்தில் வந்த மின்னஞ்சலைப் படித்தபோது எனக்கு அந்தக் காவலாளியின் குரல்தான் கேட்டது. இரண்டு பேர் கேட்டதும் ஒரே கேள்வி.

அந்த நாட்களில் ஒரு படம்கூட நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் என் போன் அரியலூரில் யார் கையிலாவது மாட்டும். பல் டாக்டர் வீட்டில் கல்தூண் எப்படி வந்தது என்று கேட்பார்கள். விண்ணப்பத்தில் தங்கிய இடம் என்ற கேள்விக்கு அரியலூர் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்த உண்மைதான் இப்போது எங்கள் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று பெரிய நகரத்தில் இருந்த ஒரு ஆலோசகரிடம் பேசினேன். அவரும் தமிழர்தான். கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல சிஸ்டர். முகவரிய தப்பா எழுதிட்டேன், ஒண்ணாத்தான் இருந்தோம்னு ஒரு லெட்டர் குடுங்க. ஊர்ல தெரிஞ்ச லாட்ஜ்ல ரெண்டு பேர் பேருக்கும் பில் வாங்கிக்கலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரறிய, பந்தி போட்டு, முறைப்படி கட்டிக்கொண்டவள் நான். என் புருஷனோடு இருந்ததற்குப் பொய் பில் காட்ட வேண்டுமா? "உண்மையா கட்டுன கல்யாணத்துக்கு நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன். நடந்தது என்னவோ அதை அப்படியே சொல்வது. ஆடியை அந்த அதிகாரிக்குப் புரிய வைக்காமல் விடுவதில்லை.

பனிமலை எளிதாக முடிந்தது. ஸ்டூடியோக்காரர் அசல் படங்களையும், பின்னணியை நான்தான் மாற்றினேன் என்று ஒரு கடிதத்தையும் தந்தார். அசல் படத்தில் நாங்கள் மண்டபத்தின் பின்பக்கம் நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் கை கழுவும் குழாய் வரிசை, அதில் ஒரு பெரியவர் வாய் கொப்பளிக்கிறார். அதையும் அப்படியே இணைத்தேன்.

ஆடிக்குத்தான் சாட்சி வேண்டும். முறையைச் செய்தவர்களே சொன்னால்தான் எடுபடும். என் அம்மாவும் மாமியாரும் நோட்டரி வக்கீல் முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு வீட்டிலும் பூகம்பம்.

அம்மாவுக்குப் பத்திரம் என்றாலே ஆகாது. அவள் சின்ன வயதில் அடுத்தவர் வயலில் நடவுக்குப் போனவள். அவளுடைய அப்பா யாரோ சொன்ன பேச்சை நம்பி ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்து, இருந்த ஒரே துண்டு நிலத்தையும் விட்டுவிட்டு நின்றவர். "பிரிச்சு வெச்சேன்னு முத்திரத்தாள்ல எழுதறதா? நாளைக்கி இதையே காட்டி உன்ன வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா? அதெல்லாம் அத்து வுடறதுக்கு எழுதறது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

மாமியாருக்கு வேறு கோபம். "எம் புள்ளையும் மருமவளையும் நானே பிரிச்சேன்னு வெள்ளக்காரனுக்கு எழுதிக் குடுக்கணுமா? ஊருல என்ன பேசுவாங்க?" அவருக்கு ஒரே மகன். அவன் போகாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கும். இருக்காதா? அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் விடவும் இல்லை.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒரு நாள் அம்மா எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். கணவர், "கொஞ்சம் வுட்டுப் புடியேன்" என்றார். "வுட்டா நீங்க அங்கயே கல்லு பொடிச்சுட்டு இருக்க வேண்டியதுதான்" என்றேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்த நம்பிக்கைதான். கடைசியில் இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துச் சொன்னேன்:

"நீங்க தப்பு செஞ்சீங்கன்னு எழுதச் சொல்லல. எங்க மொறை இதுன்னு எழுதச் சொல்றேன். செய்யறப்ப பெருமையாத்தானே செஞ்சீங்க, சொல்றதுக்கு மட்டும் என்ன வெக்கம்? நீங்க சொல்லலன்னா நம்ம மொறைதான் எங்கள அத்து வுட்டதா ஆயிடும்."

மாமியார்தான், "எப்ப போவணும்?" என்று கேட்டார்.

பெரம்பலூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டர். நோட்டரி ஒரு வக்கீலம்மா. அம்மா அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மாமியாரும் அப்படித்தான். இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணவர் பின்னால் நின்று எல்லோரும் தெரியும்படி போனை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். எனக்கு இங்கே விடிகாலை, ஜன்னலுக்கு வெளியே நிஜப் பனி. வீடியோவில் நான்.

வக்கீலம்மா கெட்டிக்காரர். தலையாடி, பிறந்த வீட்டு அழைப்பு, விருந்து எல்லாவற்றையும் கேட்டு ஒழுங்காக எழுத வைத்தார். கடைசியில் வாசித்தார்: "மேற்படி ஆடி மாதம் முழுவதும் என் மகளும் மருமகனும் ஒருவரையொருவர் ஒரு நாள்கூடச் சந்திக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்." நிமிர்ந்து, "இப்படிப் போட்டாத்தான் பலமா இருக்கும். மொறைய எவ்வளவு கண்டிப்பா கடைப்பிடிச்சீங்கன்னு தெரியும்" என்றார்.

திரையில் என் கணவர் யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினார், பேசாதே என்று. பேசாமல் இருந்தால் முடிந்துவிடும். அம்மா கையெழுத்துப் போடுவாள், மாமியார் போடுவார். ஆனால் அது பொய். அந்த ஆலோசகர் சொன்ன பொய்யாவது நான் சொல்லும் பொய். இது என் அம்மாவைச் சொல்ல வைக்கும் பொய், அதுவும் அவள் பயந்து நடுங்கும் முத்திரைத்தாளில். பேசினால், தலையாடியில் புருஷனைத் தேடிப் போனவள் என்று இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். அவமானம் எனக்கு மட்டும் இல்லை. பெண்ணை அடக்கி வைக்கத் தெரியாதவள் என்ற பெயர் அம்மாவுக்கும் வரும்.

"மேடம், அந்த வரி வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா?"

"அது உண்மை இல்ல மேடம். நாங்க..."

நான் முடிப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள்.

"அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன், எழுதிக்கங்க. பல்லு வலின்னு சொல்லிட்டு அஞ்சாறு தடவ பெரம்பலூரு வந்தா. அவ பல்லுல ஒரு கொறையும் இல்ல. வூட்டுல முறுக்கு சுட்டு வெச்சிருந்தேன், நறுக்கு நறுக்குன்னு அவதான் கடிச்சுத் தின்னு தீத்தா. ஏன், அரியலூருல பல்லு டாக்டரே இல்லியா?"

நான் திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கே டைப் அடிக்கிற பெண் சிரிப்பது கேட்டது. நான் எதிர்பார்த்தது மாமியாரின் கோபத்தை. ஆனால் அவர் தலையைக் குனிந்து சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சம்பந்திக்கும் தெரியுமா?" என்றார் மெதுவாக. "எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன். ஓவர்டைம்னு சொல்லிட்டு இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு, செண்டு அடிச்சுக்கிட்டுப் போவான். சிமெண்டு தூசியில வேலைக்குப் போறவன் எவன் செண்டு அடிச்சுக்கிட்டுப் போவான்? உங்களுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவீங்கன்னு நான் வாயத் தொறக்கல."

"நானும் உங்களுக்குப் பயந்துதான் வாயத் தொறக்கல" என்றாள் அம்மா.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சேதான் வுட்டிருக்கீங்க. தெரியும்னு அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அது எப்படிங்க? தெரியும்னு சொன்னா மொறை கெட்டுப் போயிடும். தெரியாத மாதிரி இருந்துட்டா மொறையும் இருக்கும், புள்ளைங்களும் பாத்துக்கும். வயசுப் புள்ளைங்க, எங்கயாவது ஒக்காந்து பேசிட்டு வரட்டும்னு வுட்டுட்டேன்" என்றாள் அம்மா.

நான் அழுதேன். மறைக்கவில்லை, எல்லோரும் பார்க்கத்தான் அழுதேன். ஒவ்வொரு தடவையும் சூடாக எதுவும் சாப்பிடாதே என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் அவள். திரும்பி வரும்போது எனக்கென்று ஆற வைத்த ரசம் சாதம் வைத்திருப்பாள். நான் பல் வலிக்காரி மாதிரி ஒரு பக்கமாக மென்று தின்பேன். அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எல்லாவற்றையும் எழுதினார்கள். பல், முறுக்கு, இஸ்திரிச் சட்டை, செண்டு, ஒன்றையும் விடவில்லை. நான் என் விளக்கத்தில் வாலிகண்டபுரம் காவலாளியையும் சேர்த்தேன்: "நீங்கள் கேட்ட இதே கேள்வியை எங்கள் ஊரில் ஒருவர் நேரிலேயே கேட்டிருக்கிறார்." அம்மா பத்திரத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி, நிதானமாக எழுதியதைக் கணவர் போனை அருகில் கொண்டுபோய்க் காட்டினார். எழுதி முடித்துவிட்டு அம்மா அதைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுடைய அப்பா கேட்காமல் விட்டதை அவள் கேட்டாள்.

அனுப்பினோம். அப்புறம் காத்திருப்புதான். பனி உருகியது, வயல்களில் பச்சை வந்தது. கணவர் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். போனில் என்னோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டுப் பழகினார். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று நான் வேறு வழிகளைத் தேடி வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மற்றொன்று. சும்மா உட்கார்ந்தால் அழுகை வரும் என்று பயம்.

விசா வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவர் கூப்பிட்டபோது குரலில் சந்தோஷத்தை விடத் தயக்கம்தான் இருந்தது. "வந்துடுச்சு. ஆனா..."

"ஆனா என்ன?"

"இன்னைக்கு ஆடி ஒண்ணு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆடியில் எங்கள் பக்கம் வீடு மாற மாட்டார்கள், புதிதாக ஒரு விளக்குமாறுகூட வாங்க மாட்டார்கள். ஒரே மகனை ஆடியில் கடல் தாண்டி அனுப்புவார்களா? ஆவணி பிறக்கட்டும் என்பார் மாமியார். நான் சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்தேன். "அத்தைகிட்ட போனைக் குடுங்க" என்றேன்.

வாதாட வேண்டி வரவில்லை. மாமியார் போனை வாங்கியதும், "டிக்கெட்டு போட்டாச்சா?" என்றார்.

"ஆடிங்களே அத்த?"

"போன ஆடியில நாங்க பண்ணுன கூத்து போதும்மா, கோர்ட்டு வரைக்கும் போய் எழுதிட்டு வந்தாச்சு. ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம், எம் புள்ள ஏரோப்ளேன்ல பறக்க மாட்டானா? இந்த வாரமே அனுப்பி வெக்கறேன்." சொல்லி முடித்ததும் அவர் குரல் உடைந்தது. "அழுவாதீங்க அத்த" என்றேன். "நான் எங்க அழுவறேன், காத்துல தூசி" என்றார்.

அந்த வாரமே அவரைத் திருச்சி பஸ் ஏற்றிவிடப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு வீட்டு ஆட்களும் வந்தார்கள். அம்மா அரியலூரிலிருந்து முறுக்கு டப்பாவோடு வந்தாளாம். மாமியார் பஸ் திரும்பி மறைகிற வரை நின்றுவிட்டு, அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் அன்று அங்கேயே தங்க வைத்திருக்கிறார்.

விமான நிலையத்தில் அவர் வெளியே வந்தபோது இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார், கசங்கியிருந்தது. செண்டு வாசம் இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "பனி எங்க?" என்று கேட்டார். "வெயில் காலம்ங்க, வரும்" என்றேன். இரண்டு பேரும் டாக்சியில் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பழக்க தோஷம், நான் ஒரு தடவை பின்னால் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா கூப்பிட்டாள். மாப்பிள்ளை சாப்பிட்டாரா, குளிருதா, முறுக்கு உடையாமல் வந்ததா என்று எல்லாவற்றையும் கேட்டாள். வைக்கிறேன் என்று சொன்ன பிறகும் வைக்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "பல்லு வலி எப்படி இருக்கு?"